நவால் வீட்டுக் காபி

ஐன் ஸஃபாக்காரர்களுக்குச் சந்தோஷம் வந்தால் வானத்துக்குத்தான் ஆபத்து. கல்யாணமா, சுடு. பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டானா, சுடு. தலைவர் டிவியில் பேசப்போகிறாரா, பேசுவதற்கு முன் ஒரு சுற்று, பேசி முடித்தபின் ஒரு சுற்று. நடுவில் அவர் என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. செத்தவனைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் சுடுவார்கள், அது துக்கமாம். மேலே போன குண்டு எங்கே இறங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள், உங்களை ஏதோ மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் மாதிரி பார்ப்பார்கள். மேலே போனது மேலே போய்விட்டது, அதோடு பேச்சு முடிந்தது.

இந்த ஊரில்தான் ஹைஸம் பிறந்தான். இரண்டு மீட்டரைத் தாண்டி வளர்ந்ததும் இங்கேதான். உருளைக்கிழங்குக் கிடங்குக்குப் பின்னால், வலை அறுந்த ஒற்றை வளையத்தில் பந்து போட்டுப் பழகினான். பதினெட்டு வயதில் பைதர் கூடைப்பந்து க்ளப்பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், இருபதில் அந்த க்ளப்பின் முகமாகிவிட்டான். தலைவர்களின் படம் மட்டுமே மாட்டியிருந்த முடிவெட்டும் கடையில் அவன் படமும் ஏறியது. ரொட்டிக் கடைக்காரர் அவனிடம் காசு வாங்கமாட்டார். அதற்குப் பதிலாக அவன் தின்பதை ஃபோனில் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார். துருக்கியில் இஸ்மிர் நகரத்து க்ளப் ஒன்றிலிருந்து ஓர் ஆள் வந்து அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, சீசன் முடிந்ததும் புறப்பட்டு வா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து ஹைஸமுக்கு வேறு கனவே இல்லை.

க்ளப்பின் தலைவர் ஃபௌஸி ஷம்லி. வாழ்நாளில் பந்தைக் கையால் தொட்டவரில்லை. தேர்தலுக்குத் தேர்தல் நிற்பார், தோற்பார், வீட்டு மாடியை இன்னும் ஓர் அடுக்கு உயர்த்திக் கட்டுவார். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் வரிசையில் உட்கார்ந்து, அவருக்குப் புரியாத விளையாட்டுக்கு அவர் கைதட்டுவதைப் பார்க்க வேண்டுமே. எல்லோரும் தட்டி முடித்தபின் தட்டுவார். ஆனால் அரங்கம் முழுக்கப் பையன்கள் அவர் பெயரைத்தான் கத்தினார்கள். கூடையில் பந்தைப் போட்டவன் பெயர் அதற்கப்புறம்தான்.

அந்த வருஷத்து இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது. எதிரே தலைநகரம் பெய்ரூத்தின் க்ளப். மூன்று செகண்டு பாக்கி, ஒரு புள்ளி பின்னால். ஹைஸம் கோட்டுக்கு வெளியிலிருந்து எழும்பிப் போட்டான். பந்து வளையத்தில் ஒருமுறை முட்டி, யோசித்து, உள்ளே விழுந்தது. அதற்கப்புறம் அவன் கால் தரையில் படவேயில்லை. தோளில் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவனை இறக்கியது ஃபௌஸி வீட்டு பால்கனியில்தான். கீழே தெரு நிறைய ஜனம். மொட்டை மாடிகளில் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தார்கள்.

ஃபௌஸியின் மெய்க்காவலன் ஸர்கிஸ் ஒரு துப்பாக்கியை நீட்டினான். சாதாரணத் துப்பாக்கி இல்லை, தலைவருடையது, கைப்பிடிக்கு வெள்ளிப் பூண் போட்டது.

"இந்தா, பிடிடா ராஜா."

"வேணாண்ணே. எனக்குப் பழக்கமில்ல."

"பழக்கமில்லயாம்! கேட்டீங்களா? மூணு செகண்டுல பெய்ரூத்தையே கவுத்தவனுக்கு இதப் பாத்தா நடுங்குதாம். போய் உங்கம்மாகிட்ட பால் குடிச்சிட்டு வரியா?"

பால்கனியே சிரித்தது. ஃபௌஸி அவன் முதுகைத் தடவினார். "ஒண்ணே ஒண்ணு, மகனே. ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க. அவங்க சந்தோஷத்தக் கெடுக்காத."

ஹைஸம் சுட்டான். முதல் முறை பயந்துகொண்டே விசையை அழுத்தினான். தோள் அதிர்ந்தது, கீழே ஜனம் ஓவென்று ஆர்ப்பரித்தது. இரண்டாவது முறை யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகவே சுட்டான், துப்பாக்கி காலியாகும்வரை. பின்னால் அவனால் விழுங்க முடியாமல் போனது இதுதான்: அது அவனுக்குப் பிடித்திருந்தது. பந்து உள்ளே விழுந்தபோது வந்த சந்தோஷத்தைவிடக் கூடுதலாகவே பிடித்திருந்தது.

மறுநாள் காலை அம்மா பூண்டும் எலுமிச்சையும் போட்டு மொச்சை வேகவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்.

"கீழ்த்தெருவுல ஷேர் டாக்ஸி ஓட்டறாரே வதீஹ், அவர் பொண்டாட்டிக்கு அடிபட்டிருச்சாம். நவாலு. மாடில துணி எடுத்துக்கிட்டிருந்தாளாம்."

"எதுல அடிபட்டுச்சு?"

அம்மா மொச்சையைக் கிளறினாள். "எதுலன்னா? மேலேர்ந்து வந்துருக்கு. தோள்ல இறங்கி முதுகெலும்புகிட்ட நிக்குதாம். உசிருக்கு ஒண்ணுமில்ல. காலுதான் அசையலயாம்."

ஹைஸமுக்கு வாயில் வைத்த ரொட்டி அப்படியே நின்றது.

"எப்பம்மா?"

"நேத்து சாயங்காலம்தான். உக்காரு, எங்க எந்திரிக்கற? ஊரே சுட்டுச்சு. உன்னோடதுதான்னு எவன் சொன்னான்?"

"என்னோடது இல்லன்னு எவன் சொன்னான்?"

"நான் சொல்றேன். பெத்தவ சொல்றேன். சாப்பிடு."

அன்று முழுக்க ஊர் சொன்னதும் இதையேதான். கசாப்புக் கடையில் சொன்னார்கள், பெட்ரோல் பங்கில் சொன்னார்கள், பாவம் நவால் என்று நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுச் சொன்னார்கள். எல்லோரும் சுட்டதால் யாருமே சுடவில்லை என்று ஆகிவிட்டது. முந்தின நாள் மாடியில் நின்று தோட்டாப் பெட்டியைக் காலி செய்தவன் மறுநாள் 'இந்தக் காட்டுமிராண்டிகளை என்ன செய்யலாம்' என்று டீக்கடையில் தலையிலடித்துக்கொண்டான். ஒருவன் முகத்திலாவது வெட்கம் இருந்ததா என்றால் இல்லை. இதைச் சொல்லும்போதே வாய் கசக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். சுட்டவர்கள் ஊர் முழுக்க இருந்தாலும் ஃபோன்களில் பதிவாகியிருந்தது ஒரே முகம்தான். மற்றவர்கள் எல்லோரும் தங்கள் துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாம்பியன் சுடுவதைப் படமெடுத்திருந்தார்கள். நவாலின் தம்பி இல்யாஸ் அந்தப் படத்தைக் கொண்டுபோய் காவல் நிலையத்தில் காட்டி வழக்குக் கொடுத்துவிட்டான். அங்கிருந்த சார்ஜெண்ட் வழக்கை எழுதுவதற்கு முன்னால் ஃபௌஸிக்கு ஃபோன் செய்தார். ஹைஸம் பந்தைக் கூடையில் போடும் படத்தைத் தன் மகனுக்காகக் கையெழுத்திட்டுத் தரமுடியுமா என்றும் அதே ஃபோனில் கேட்டார். வழக்கு நிலுவையில் இருந்தால் ஹைஸம் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. இஸ்மிர்க்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள்; அவர்களுக்கு உயரமான பையன்கள் வேறு ஊரிலும் கிடைப்பார்கள்.

ஃபௌஸி அவனைக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். தட்டில் பச்சை ஈரல், அப்போதுதான் அறுத்த ஆட்டினுடையது, பக்கத்தில் வெள்ளைக் கட்டிகளாக வால் கொழுப்பு, புதினா, வெங்காயம். ஊரில் எல்லோரும் தின்பதுதான், ஹைஸமும் சின்ன வயதிலிருந்து தின்றிருக்கிறான். அன்றைக்கு அது தட்டில் பளபளத்ததைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

"சாப்பிடு. சூடு கூட ஆறல பாரு, காலைலதான் அறுத்தது."

"பசிக்கல."

"ஆட்டக்காரனுக்கு ரத்தம் வேணும்." ஃபௌஸி ஒரு துண்டு ஈரலையும் ஒரு துண்டு கொழுப்பையும் ரொட்டியில் மடித்து வாயில் போட்டார். மென்றுகொண்டே பேசுவது அவர் வழக்கம். "அந்தப் பொண்ணுக்கு பெய்ரூத்துல பெரிய ஆஸ்பத்திரில பெட் பாத்து வெச்சிருக்கேன். முதுகெலும்புக்குன்னே இருக்கற டாக்டர். நான் ஃபோன் போட்டா பெட் இருக்கும், போடலன்னா இருக்காது. நாடு அப்படி."

"அப்ப போடுங்களேன்."

"போடாம இருப்பேனா? ஞாயித்துக்கிழம நாம எல்லாரும் அவங்க வீட்டுக்குப் போறோம். பாதிரியார் வராரு, ஊர் நாட்டாமை முக்தாரும் வராரு. மரியாதையாக் கேப்போம். அவங்க வழக்க விட்டுருவாங்க. நான் அங்கேயே உக்காந்து ஃபோன் போடறேன்."

"விடலன்னா போடமாட்டீங்களா?"

ஃபௌஸி உண்மையாகவே புண்பட்டுப் போனார். "சீ, சீ. அப்படிப் பேசாத. கேக்கவே அசிங்கமா இருக்கு. அவங்க ஒரு நல்லது செய்வாங்க, நாம ஒரு நல்லது செய்வோம். மனுஷங்க இப்படித்தாம்பா வாழறாங்க."

"துப்பாக்கி உங்களோடது."

"துப்பாக்கி என்னோடது," என்றபடி அவர் உதட்டோரத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். "விரல் உன்னோடது. குண்டு ஆண்டவனோடது. எங்க இறங்கணும்னு அவனுக்குத் தெரியும். சரி, நீ சொல்லு, துருக்கிக்குப் போகணுமா, வேணாமா?"

ஹைஸம் மேஜையைப் பார்த்தான். சொல்லியிருக்க வேண்டிய பதில் வேறு. ஆனால் வாயிலிருந்து வந்தது, "போகணும்."

"அப்ப ஞாயித்துக்கிழம வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு வா."

கீழ்த்தெருவுக்குள் கார்கள் நுழைந்தபோது குறுக்கே ஒரு துணிப் பதாகை தொங்கிக்கொண்டிருந்தது. 'வெற்றிக்கு நன்றி, தலைவரே!' ஃபௌஸியின் முகம் கதவளவுக்கு, ஹைஸமின் முகம் அதன் காதருகே ஒரு தட்டளவுக்கு. பதாகையின் ஒரு முனையை எங்கே கட்டியிருந்தார்கள் தெரியுமா? வதீஹ் வீட்டு மாடியில் துணி காயப்போடும் கம்பத்தில். கட்டியவன் வீடு வீடாக ஏறிக் கட்டுகிறவன், கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு எதற்கு?

வதீஹ் வாசலுக்கு வந்து எல்லோரையும் உள்ளே அழைத்தார். மெலிந்த மனிதர், முகத்தைப் புதிதாகச் சவரம் செய்திருந்தார். ஹைஸம் அவர் கையைப் பிடித்தபோது அது உப்புத்தாள் போலிருந்தது. கூடத்தில் ஃபௌஸி, பாதிரியார், முக்தார், ஹைஸம் உட்கார்ந்தார்கள். ஸர்கிஸ் கதவருகே நின்றான். இல்யாஸ் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஹைஸமின் காலணியை மட்டும் பார்த்தான். உள்ளறைக்குப் போகும் வழியில் ஒரு திரை தொங்கியது. வட்டாரத்து ஆஸ்பத்திரி, எங்களால் முடிந்தது இவ்வளவுதான் என்று நவாலை வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

வதீஹின் அக்காள் சின்னச் சின்னக் கோப்பைகளில் காபி கொண்டுவந்தாள். யாரும் தொடவில்லை. ஏதாவது கேட்க வந்தவன் கேட்டது கிடைக்கும்வரை அந்த வீட்டுக் காபியைக் குடிக்கமாட்டான். குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை. கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இந்த ஊரில் கொலைகளைக்கூடக் கரைத்திருக்கிறார்கள்.

"உங்க வீட்டுக் காபி எங்களுக்குத் தேன், வதீஹ்," என்று ஃபௌஸி ஆரம்பித்தார். "ஆனா வந்த காரியம் முடியாம எப்படிக் குடிப்போம்?" பிறகு விதியைப் பற்றிப் பேசினார், பொறுமையைப் பற்றிப் பேசினார், ஊரின் பெயரை உலகத்துக்குச் சொல்லப்போகும் பையனைப் பற்றிப் பேசினார். நவால் என்ற பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பாதிரியார் மன்னிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். முக்தார் தலையாட்டினார், அவர் அதற்காகவே வந்தவர்.

வதீஹ் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முன்பே பேசி முடித்ததுதான், இருந்தும் முதல்தடவை கேட்பவர்போலக் கேட்டார். கடைசியில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க எங்க வீட்டுக்கு வந்ததே போதும். கேட்டது கிடைச்சிருச்சு. காபியக் குடிங்க."

இல்யாஸ் வாசலைத் தாண்டிப் போய் வெளியே காறித் துப்பிய சத்தம் கேட்டது. உள்ளே மூன்று பேரும் கோப்பையை எடுத்து உறிஞ்சினார்கள். ஃபௌஸி கண்ணை மூடி, "ஆஹா, ஏலக்காய்!" என்றார். அந்த உறிஞ்சும் சத்தம் ஹைஸமின் காதில் ஈரலை மெல்லும் சத்தமாகவே விழுந்தது. அவன் கோப்பை அப்படியே இருந்தது.

"குடி மகனே," என்றார் பாதிரியார்.

"நான் கேட்டது இன்னும் கிடைக்கல, அபூனா."

ஃபௌஸியின் கோப்பை பாதி வழியில் நின்றது. ஹைஸம் வதீஹின் பக்கம் திரும்பினான். அவன் குரல் நடுங்கியது. ஆயிரம் பேர் கத்தும்போது நடுங்காத குரல்.

"அண்ணே, நீங்க வழக்க வாபஸ் வாங்கக்கூடாது. நான் சுட்டேன். ஒரு தடவ இல்ல, காலியாகற வரைக்கும் சுட்டேன். அது என் குண்டா இல்லயான்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் சுட்டேன்னு எழுதிக்கட்டும். இதான் நான் கேக்கறது. இது கிடைக்காம குடிக்கமாட்டேன்."

காபியை முன்னால் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டவர்களை அந்த ஊர் பார்த்திருக்கிறது, பெண் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறது. என்னை விடாதே என்று கேட்டவனைப் பார்த்ததில்லை. பாதிரியாருக்கு இருமல் வந்தது. ஃபௌஸி சிரித்தார், அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை.

"பையன் களைச்சிருக்கான். சீசன் முழுக்க ஓட்டமில்லையா?"

வதீஹுக்கு முகம் வெளுத்துவிட்டது. கேட்டதைக் கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. மெல்லிய குரல், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"வதீஹ், அந்த நெட்டையன உள்ள அனுப்பு."

ஹைஸம் குனிந்து திரையை விலக்கிக்கொண்டு போனான். கூடத்துக்கு மட்டும்தான் கான்கிரீட் கூரை. இது பின்னால் ஒட்டுப்போட்ட அறை, மேலே தகரம். தகரத்தில் அங்கங்கே தார் வைத்து அடைத்த கறுப்புப் பொட்டுகள். எத்தனை கல்யாணம், எத்தனை தேர்தல், எத்தனை பரீட்சை என்று அந்தக் கூரையைப் பார்த்தாலே தெரியும். கட்டிலில் நவால் அசையாமல் படுத்திருந்தாள். முப்பது வயதுக்கு மேலிருக்காது. அறையில் டெட்டாலும் மூத்திரமும் கலந்த வாடை. அதை மறைக்க யாரோ பன்னீர் தெளித்திருந்தார்கள், அது இன்னும் மோசமாக இருந்தது.

"இவ்ளோ உயரமா நீ? டிவில தெரியல."

"மன்னிச்சிருங்கக்கா."

"அத விடு. ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத. சுடும்போது எப்படி இருந்துச்சு?"

தகரத்தில் தலை இடிக்காமல் குனிந்தே நின்றான் அவன். "நல்லா இருந்துச்சு," என்றான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு சத்தம் கேட்டுச்சு. ஓஞ்சப்புறம் துணி எடுக்கலாம்னுதான் நெனச்சேன். மழ வர மாதிரி இருந்துச்சு, பிள்ளைங்க பள்ளிக்கூடச் சட்டை வேற. ஓடிப்போயி எடுத்துட்டு வந்துரலாம்னு போனேன்." நிறுத்தினாள். "நீ இப்ப வெளிய சொன்னியே, அது எதுக்கு?"

"உண்மை தெரியணும்னு..."

"யாருக்குத் தெரியணும்? ஊருக்குத் தெரியாதா? அந்த பாதிரியாருக்குத் தெரியாதா? அவரு மச்சான் மாடிலயும்தான் சுட்டாங்க. உனக்கு உள்ள அரிக்குது. அதச் சொல்லு."

ஹைஸம் ஆமென்று தலையசைத்தான்.

"வழக்கு நடந்தா நீ சுத்தமாயிருவ. நல்ல பையன், ஒத்துக்கிட்டான்னு சொல்லுவாங்க. எனக்கு பெட் கிடைக்குமா? அந்த ஆளு ஃபோன் போட்டாத்தான் பெட். நீ அந்தக் கருமத்தக் குடிச்சாத்தான் அவன் ஃபோன் போடுவான். நீ சுத்தமாகறதுக்கு என் காலக் கேக்கற, தம்பி." அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்ப முடிந்தது அது ஒன்றுதான். "போ. போய்க் குடி."

அவன் கூடத்துக்குத் திரும்பினான். உட்காரவில்லை. நின்றபடியே கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். காபி ஆறி, ஏடு கட்டி, அடியில் சேறாக வண்டல் தங்கியிருந்தது. வண்டலையும் விழுங்கினான். அவன் வாழ்க்கையில் அதைவிட அருவருப்பான எதையும் அதற்கு முன்னும் வாயில் வைத்ததில்லை, அதற்குப் பின்னும் வைத்ததில்லை.

"நல்லாருக்கட்டும்!" என்றார் முக்தார். அவர் அன்றைக்குப் பேசியது அது ஒன்றுதான்.

ஃபௌஸி ஃபோனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். டாக்டரா, நான்தான், நம்ம வீட்டுப் பொண்ணு ஒண்ணு. நாளைக்குக் காலையில் பெட் இருக்கும் என்றது எதிர்க்குரல். வதீஹ் அவர் தோளில் முத்தமிட்டார். அழுதார். ஹைஸமால் அதைப் பார்க்க முடியவில்லை, சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குள் தெருவில் செய்தி பரவியிருந்தது. சாம்பியன் வந்திருக்கிறான், நம் தெருவுக்கு வந்திருக்கிறான். வெளியே கூட்டம் சேர்ந்து அவன் பெயரைக் கத்த ஆரம்பித்தது. கைத்தட்டல், விசில், பெண்களின் குலவை. பிறகு யாரோ ஒருவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் வெடிச் சத்தம் வீட்டுக்கு மிக அருகில் கேட்டது. அதற்குப் பதிலாக அடுத்த மாடியிலிருந்து சரமாரியாக வந்தது.

கூடத்திலிருந்தவர்கள் அசையவில்லை, தலைக்கு மேலே கான்கிரீட் இருந்தது. வதீஹ் மட்டும் திரைக்குள் ஓடினார். ஹைஸம் பின்னாலேயே போனான். கட்டிலைக் கூடத்துக்கு இழுக்க முடியாது, வழி குறுகல். வதீஹ் கட்டிலின்மேல் கையையும் முழங்காலையும் ஊன்றி, பாரம் படாமல் அவள்மேல் கவிழ்ந்துகொண்டார். பழகிய வேலை போலச் செய்தார். பிள்ளைகள் இரண்டும் கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே புகுந்துவிட்டிருந்தன. புருஷனின் தோளுக்கு மேலாக நவால் ஹைஸமைப் பார்த்தாள்.

"எதுக்கு நிக்கற? உனக்காகத்தானே சுடறானுங்க. உன் மூஞ்சியப் பாத்தாத்தான் நிறுத்துவானுங்க. போ வெளிய!"

அவன் ஓடினான். ஃபௌஸியையும் ஸர்கிஸையும் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, "நிறுத்துங்கடா! நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அந்த நீளக் கைகள் பதாகையைத் தொட்டன. கூட்டத்துக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், கூடையில் பந்து போட்டபின் சாம்பியன் எப்படிக் கை தூக்குவானோ அப்படியே தங்களைப் பார்த்துக் கை தூக்குகிறான் என்பதுதான். தெரு வெறிபிடித்ததுபோல் ஆனது. அதுவரை சும்மா நின்றவர்களும் இடுப்பிலிருந்து எடுத்தார்கள். அவன் கையை ஆட்ட ஆட்ட அவர்கள் சுட்டார்கள். ஸர்கிஸும் பின்னாலிருந்து சுட்டான். தோள் எட்டாததால் ஃபௌஸி ஹைஸமின் இடுப்பை அணைத்துக்கொண்டு மறு கையை ஜனங்களுக்கு ஆட்டினார். அந்தப் படம்தான் தேர்தல் சுவரொட்டியில் வந்தது.

ஹைஸம் கையைக் கீழே போட்டான். அப்புறம்தான் மெதுவாக ஓய்ந்தது.

நவாலுக்கு பெட் கிடைத்தது. குண்டை எடுத்தார்கள். கால் வரவில்லை, உட்கார முடிகிறது. வதீஹ் உள்ளறை வழியை இடித்து அகலமாக்கி, ஆட்டம் நடக்கும் நாட்களில் அவளைச் சக்கர நாற்காலியோடு கூடத்துக்குத் தள்ளிவருகிறார். எந்த ஆட்டம் என்கிறீர்களா? ஹைஸமின் ஆட்டம்தான். இஸ்மிரில் அவன் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஐன் ஸஃபா பெரிய திரை கட்டிப் பார்க்கிறது. அம்மா ஃபோன் செய்து, கேட்குதா, உனக்காகத்தான் என்று ஜன்னலுக்கு வெளியே ஃபோனை நீட்டுவாள். அவன் ஃபோனை வைத்துவிடுவான்.

அங்கே அவன் முதல் சீசனில் ஓர் ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, தடுக்க ஆளில்லாமல் போடும் கடைசி ஃப்ரீ த்ரோ அவனுக்குக் கிடைத்தது. நேரம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு பந்து. கோட்டில் நின்றான். தவறவிட்டால் என்ன என்று நினைத்தான். அம்மா ஜன்னலடியில் நிற்பதை நினைத்தான், தகரத்தின் கறுப்புப் பொட்டுகளை நினைத்தான், வதீஹ் இன்றைக்கு நாற்காலியைத் தள்ளிவந்திருப்பாரா என்று நினைத்தான். நினைக்கத்தான் முடிந்தது. கைக்குத் தெரிந்தது ஒரே வேலை. பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் உள்ளே போனது.

அரங்கமே எழுந்து நின்று கத்தியது. ஹைஸம் கைகள் இரண்டையும் தொடையோடு ஒட்டவைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். ஜெயித்தாலும் கையை உயர்த்தாத பையன், எவ்வளவு அடக்கம் என்று மறுநாள் துருக்கிப் பத்திரிகைகள் எழுதின. அவன் நின்றுகொண்டே இருந்தான். ஐன் ஸஃபாவில் இந்நேரம் ஆரம்பித்திருப்பார்கள்.